டோக்கன் அக்காவின் வரிசை

அந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில், தண்ணீர் சுத்திகரிக்கும் அறைக்கு வெளியே ஒரு பித்தளைக் கேடயம் தொங்குகிறது. 'பணியாளர் திட்டமிடலில் சிறந்த பிரிவு' என்று அதில் பொறித்திருக்கும். வருடக்கணக்காக ஆள் தட்டுப்பாடு என்று ஒரு புகார்கூட வரவில்லை, ஒரு மெஷின்கூட ஆளில்லாமல் நின்றதில்லை என்று மெச்சி நிர்வாகம் கொடுத்தது. தலைமை டாக்டர் கோட்டு போட்டுக்கொண்டு போய் அதை வாங்கி, பல் தெரியச் சிரித்துப் படமும் எடுத்துக்கொண்டார். அவருக்கும் அந்தத் திட்டமிடலுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. திட்டம் முழுக்கத் தீட்டப்பட்டது நர்சுகளின் வீட்டுப் படுக்கையறைகளில். மேற்பார்வை டோக்கன் அக்கா.

அக்கா அங்கே மூத்த நர்சு. வயது நாற்பத்து நான்கு. மெஷின் அலறினால் அதைவிட உரக்க ஒரு அதட்டல் போட்டு அடக்குகிறவள். வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக், ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். டோக்கன் அக்கா என்ற பேர் எப்படி வந்தது என்பது பின்னால் வரும்.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் கைவிட்ட மனிதர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அங்கே வந்து, நாற்காலியில் சாய்ந்து, நான்கு மணி நேரம் தங்கள் ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். இன்றைக்கு ஆளில்லை, நாளைக்கு வாருங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. வேறு வார்டிலிருந்து ஒருத்தியை இழுத்து வந்து நிறுத்தவும் முடியாது. இதற்காகவே ஆபரேஷன் செய்து புடைக்க வைத்த கை நரம்பில் தனியாக ஊசி போடுவதற்கு ஒரு வருடப் பழக்கம் வேண்டும். அதுவரை நோயாளிகளே நம்ப மாட்டார்கள். "நீ இரும்மா, அந்த அக்காவக் கூப்பிடு" என்று கையை இழுத்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வருடம் மூன்று பேர் ஒன்றாக முழுகாமல் இருந்தார்கள். விடாமல் பெய்த ஒரு மழைக்காலத்தின் விளைவு அது என்று பிரிவில் இன்றைக்கும் பேச்சு. மூவரும் அடுத்தடுத்து விடுப்பில் போக, மிச்சமிருந்தவர்கள் இரட்டை ஷிப்ட் பார்த்து நொந்து நூலானார்கள். அக்கா எடை பார்க்கும் மெஷினில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கிப்போனாள். எடை பார்க்க வந்த பெரியவர் அவள் தோளைத் தட்டி, "சிஸ்டர், இது என் வெயிட்டா, உங்க வெயிட்டா?" என்று கேட்டார்.

மூன்று பேரும் பிள்ளை பெற்றுத் திரும்பிய பிறகு, உடை மாற்றும் அறையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு எல்லோரும் கூடிப் பேசினார்கள். இனி ஒருத்தி போய் வந்த பிறகுதான் இன்னொருத்தி போகலாம். ஒருத்தி பிரசவ விடுப்பில் கிளம்பினதும் அடுத்தவளுக்குப் பச்சைக்கொடி. ஆறு மாதத்துக்குள் காரியம் நடக்கவில்லையென்றால் அதற்கும் அடுத்தவளுக்கு வழிவிட வேண்டும். சட்டம் சுளுவாக உருவாகிவிட்டது. அதை நடத்துவது யார் என்று வந்தபோது எல்லார் கண்ணும் அக்கா பக்கம் திரும்பியது. அக்கா எப்போதோ, "நம்ம கடைய மூடியாச்சுப்பா" என்று அறிவித்திருந்தாள். ஆட்டத்தில் இல்லாத ஆள்தான் நடுவராக இருக்க முடியும்.

எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் யார் கண்ணிலாவது பட்டு மானம் கப்பலேறிவிடும். எல்லாம் அக்காவின் தலைக்குள். அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். யார் திடீரென்று டீ வேண்டாம் என்கிறாள், யார் கை கழுவும் தொட்டிப் பக்கம் ஓடுகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தப்பாது. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று வெட்கத்தோடு சொல்ல வருகிறவளிடம், வாழ்த்துச் சொன்ன அதே மூச்சில், "உனக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்கடி, ஞாபகம் வெச்சுக்கோ" என்பாள். ஒரு தடவை ஆண் டெக்னீஷியன் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, தன் மனைவிக்கும் வரிசை உண்டா என்று கேட்டான். "உன் பொண்டாட்டி எப்ப வேணா பெத்துக்கட்டும். நீ டியூட்டில தூங்கி வழியாம இருந்தா போதும்" என்று துரத்திவிட்டாள்.

இந்த வரிசையில் அக்காவுக்கு மிகவும் பிடித்தவள் குருவி. சின்ன உருவம், தத்தித் தத்தி ஒரு நடை, அதனால் அந்தப் பேர். அவள் கையால் ஊசி போட்டால் வலிக்காது என்று காத்திருந்து போட்டுக்கொள்ளும் நோயாளிகள் உண்டு. கல்யாணமாகி நான்கு வருடம் முடிந்துவிட்டது. இரண்டு தடவை அவள் முறை வந்தது. இரண்டு தடவையும், "எனக்கென்ன அக்கா அவசரம், அவ போகட்டும்" என்று அடுத்தவளுக்கு விட்டுக்கொடுத்தாள். தங்கமான பெண் என்று பிரிவே கொண்டாடியது. வரிசையில் நிற்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்று அக்கா மற்றவர்களை இடித்துக் காட்டுவாள்.

ஒரு நாள் காலை, முதல் ஷிப்ட் நோயாளிகளை மெஷினில் மாட்டி முடித்த நேரம், குடையும் கையுமாக ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். காத்திருப்போர் நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தாள்.

"இங்க பிள்ள பெத்துக்க டோக்கன் குடுக்கற அம்மா யாரு?"

அவ்வளவுதான், நோயாளிகள் உட்பட அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு ஒட்டியதுதான் அந்தப் பேர். வந்திருந்தவள் குருவியின் மாமியார். குருவி மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"நாந்தாம்மா. என்ன வேணும்?" என்றாள் அக்கா.

"என் மருமகளுக்கு முப்பத்தஞ்சு ஆகப்போகுது. கேட்டா, ஆஸ்பத்திரில வரிசை இருக்கு, என் முறை இன்னும் வரலன்னு சொல்றா. ரேஷனா போடறீங்க இங்க? என் பேரப்பிள்ளை பொறக்கறதுக்கு நீங்க யாரு பர்மிஷன் குடுக்க?"

எந்தச் சண்டையிலும் அக்கா இறங்கி வந்தது கிடையாது. அன்றைக்கு வந்தாள். அந்த அம்மாளின் கேள்வியில் நியாயம் இருந்ததுதான் காரணம்.

"கோவப்படாதீங்கம்மா. இப்ப ஒருத்தி லீவுல இருக்கா. அடுத்தது உங்க மருமகதான். நடுவுல யாரையும் நுழைய விட மாட்டேன். இது நான் குடுக்கற வாக்கு."

"மாற மாட்டியே?"

"மாறினா நீங்க வந்து என்ன வேணா கேளுங்க."

அம்மாள் குடையைத் தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். இந்தத் தடவை குருவி விட்டுக்கொடுக்க வந்தாலும் விடுவதில்லை என்று அக்கா உறுதி பூண்டாள்.

அந்த உறுதிக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. சில வாரங்களாக அக்காவுக்கு உடம்பு என்னவோ போல இருந்தது. நாள் தள்ளிப்போயிருந்தது. நிற்கிற வயசு வந்துவிட்டது, நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்தாள். டீ கசந்தது. டீத்தூளை மாற்றினாள். கை கழுவும் தொட்டிப் பக்கம் இரண்டு தடவை ஓடினாள். ஊரையே வேவு பார்த்தவளுக்குத் தன் விஷயம் மட்டும் உறைக்கவில்லை. கடைசியில் ரத்தசோகை என்று நினைத்து லேபுக்குப் போனவளிடம், லேப் டெக்னீஷியன் முடிவை நீட்டி, "வாழ்த்துகள் சிஸ்டர்" என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து இரண்டடி பின்னால் போய்விட்டான்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கழற்றிப் போட்ட மின்விசிறியின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"கடைய மூடியாச்சுன்னு சொன்னே?" என்றார்.

"மூடினேன். பூட்ட மறந்துட்டோம் போலிருக்கு."

மனிதர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அசடு வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்ததைப் பார்த்து அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "என் பிரண்ட்ஸ் முன்னாடி நான் எப்படிம்மா நடமாடறது?" என்று அழுதாள். அழுது முடித்து, பாப்பாவுக்குப் பேர் தான்தான் வைப்பேன் என்றாள். அக்காவுக்குள்ளும் வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவள் மறுக்கவில்லை. இந்தக் குழந்தை வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. லீவில் இருப்பவள் வந்ததும் பின்னாலேயே அக்கா போக வேண்டும். குருவியின் இடத்தில் போய் அக்காவே உட்கார்ந்துவிட்டாள். சட்டப்படி பார்த்தால் குருவிக்கு இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும். வரிசையை நடத்தியவளே வரிசையில் புகுந்த கதையை அந்தக் குடைக்கார அம்மாளிடம் எப்படிச் சொல்வது? அதைவிட, குருவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஒரே வழிதான் தெரிந்தது. கூடுதலாக ஆள் கேட்பது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் போனாலும் பிரிவு தாங்கும்படி ஆள் வந்துவிட்டால், குருவி காத்திருக்க வேண்டியதில்லை. அக்கா நிர்வாகப் பகுதிக்குப் போனாள்.

அங்கே புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். எந்தப் பிரிவில் எந்த வருடம் எத்தனை ஆள் தேவைப்படும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது அவர் வேலை. வாயைத் திறந்தால் கணிப்பு, கணிப்பு என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கணிப்பு சார் என்று பேர். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றே வரவேற்றார்.

"வாங்க சிஸ்டர். உங்க பிரிவு எனக்கு அதிசயமா இருக்கு" என்று கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "யாரு ரிட்டயர் ஆவாங்க, யாரு வேலைய விடுவாங்க, யாரு பிரசவ லீவுல போவாங்கன்னு அஞ்சு வருஷத்துக்குக் கணிப்பு போடறேன். மத்த வார்டுல கோடு மேலயும் கீழயும் குதிக்குது. உங்களோடது மட்டும் ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி போகுது. பல வருஷமா ரெண்டு பேர் ஒண்ணா லீவுல போனதே இல்ல. அதனால உங்களுக்கு ஒரு ஆள் அதிகம்னு தோணுது. அடுத்து யாராவது வேலைய விட்டா, அந்த எடத்த நிரப்ப வேணாம்னு எழுதலாம்னு இருக்கேன்."

அக்கா திரையில் தன் பேரைத் தேடிப் பிடித்தாள். பக்கத்தில், 'மகப்பேறு விடுப்புக்கு வாய்ப்பு: இல்லை' என்றிருந்தது.

"இதைக் கொஞ்சம் திருத்தணும் சார்" என்றாள்.

கணிப்பு சார் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அக்கா அதோடு நிறுத்தவில்லை. உடை மாற்றும் அறையில் ஆரம்பித்து டோக்கன் வரை எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். நேராகப் போகிற அந்தக் கோடு தானாகப் போகவில்லை, ஒரு டஜன் புருஷன்மார்களைப் பட்டினி போட்டு நாங்கள் இழுத்துப் பிடித்த கோடு அது என்றாள். அதிகாரி முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன் சிஸ்டர் இப்படிப் பண்ணீங்க?"

"ஆளில்லையே சார். சமாளிக்கத்தான்."

"குழந்தைகள் வார்டுலயும் ஆளில்லாமதான் இருந்துச்சு. அங்க ரெண்டு பேர் ஒண்ணா லீவுல போனாங்க, புது அட்மிஷனே எடுக்க முடியாம வார்டு நின்னுபோச்சு. பெரிய ரகளை. அதோட அவங்களுக்கு ரெண்டு மாற்று ஆள் நிரந்தரமா குடுத்துட்டாங்க. உங்களுக்கு ஏன் குடுக்கலன்னு பழைய குறிப்ப எல்லாம் பாத்தேன். மூணு பேர் ஒண்ணா லீவுல போன அந்த வருஷம் உங்க டாக்டர் 'சமாளித்துக்கொண்டோம்'னு ஒரு வார்த்தை எழுதியிருக்கார். அதுக்கப்புறம் கொறையே இல்ல. கொறையே இல்லாத எடத்துக்கு யாரு ஆள் குடுப்பா? நீங்க ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, சமாளிக்காம விட்டிருந்தா போதுமே சிஸ்டர்."

அக்காவுக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. இத்தனை வருடமும் ஆளில்லாததால்தான் வரிசை என்று நினைத்திருந்தாள். வரிசை இருந்ததால்தான் ஆள் வரவில்லை. பெண்கள் பிள்ளை ஆசையை அடக்கி அடக்கி நிர்வாகத்துக்கு ஆள் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கூலியாக ஒரு பித்தளைக் கேடயம். அந்தக் கேடயத்தைத் தினமும் துடைத்து வைத்ததும் அவள்தான்.

கணிப்பு சார் கெட்டவர் இல்லை. ஊசி பழக ஒரு வருடம் ஆகும் என்றால், ஆளை இப்போதே எடுத்துப் பழக்க வேண்டும் என்று அவரே சொன்னார். வருகிற வருடம் இரண்டு பேர் ஒரே சமயத்தில் விடுப்பு கேட்கக்கூடும் என்று எழுதித் தரச் சொன்னார்.

"வரிசையப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க. எனக்கு மேல இருக்கறவர் கண்ணுல பட்டா, பிரமாதமான திட்டம்னு எல்லா வார்டுக்கும் சர்க்குலர் அனுப்பிடுவார்."

அக்கா நேரே போய்க் குருவியைத் தேடினாள். அவள் ஸ்டோர் அறையில் கரைசல் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா கதவைச் சாத்தினாள். தன் வயிற்றுச் சமாசாரத்தைச் சொன்னாள், அதிகாரி சொன்னதையும் சொன்னாள்.

"உன் நாலு வருஷத்த நான் தின்னுட்டேன்டி. இன்னையோட வரிசையக் கலைக்கறேன். புதுசா ஆள் வருது. நீ எனக்காகக் காத்திருக்காத."

குருவி கையிலிருந்த கேனைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க ஒண்ணும் திங்கல அக்கா. நான் வரிசைல நின்னாத்தானே. கல்யாணமான முதல் மாசத்துலேர்ந்தே முயற்சி பண்ணிட்டுதான் இருக்கோம். உங்க சட்டத்த நான் ஒரு நாள்கூட மதிச்சதில்ல."

"என்னடி சொல்றே?"

"தங்கியிருந்தா வந்து உங்க கால்ல விழுந்திருப்பேன். தங்கல. பாக்காத டாக்டர் இல்ல, போடாத ஊசி இல்ல."

"அப்ப ரெண்டு தடவ விட்டுக்குடுத்தியே?"

"முறை என் கைக்கு வந்து, ஆறு மாசம் போயி, ஒண்ணும் ஆகலன்னா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்ல? அதுக்குத்தான்." குருவி கேனின் மூடியைத் திருகிக்கொண்டே பேசினாள். "வீட்டுல கேக்கறப்பல்லாம், இன்னும் என் முறை வரலன்னு சொல்லுவேன். என் வீட்டுக்காரரும் கூட சேர்ந்து சொல்லுவாரு. மாமியார் உங்களத்தான் திட்டுவாங்க அக்கா. இத்தன வருஷத்துல என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீங்கபாட்டுக்குக் கலைக்கறேங்கறீங்க. நாளைக்கு நான் வீட்டுல என்னத்தச் சொல்லுவேன்?"

அக்கா அந்தக் கேன்களின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். குருவி அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "இந்த மாசத்துல இப்படி அழக்கூடாதுக்கா" என்று முதுகைத் தடவிவிட்டாள். ஊரில் யார் வயிறு எப்படி என்று கண்டுபிடிக்கத் தெரிந்த தனக்கு, பக்கத்தில் நின்றவளின் வயிற்றெரிச்சலைப் பார்க்கத் தெரியவில்லையே என்று அக்கா நொந்துகொண்டாள்.

கணிப்பு சார் சொன்னதைச் செய்தார். அக்காவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்த சமயம், இரண்டு புதுப் பெண்கள் ஊசி பழக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்த வாரத்திலேயே குடையும் வந்தது.

"அடுத்தது என் மருமகதான்னு வாக்கு குடுத்தியே!" அம்மாளின் குரலுக்கு மெஷின் சத்தம் எடுபடவில்லை.

"குடுத்தேம்மா."

"நடுவுல யாரையும் விட மாட்டேன்னியே! நீயே பூந்துக்கிட்டயா? வயசுக்கு வந்த பொண்ண வீட்டுல வெச்சுக்கிட்டு, உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கும்மா. என்ன பண்றது, ஆசைக்கு வயசு தெரியுதா?"

நோயாளி ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் ரத்த அழுத்தம் ஏறி, அவருடைய மெஷின் கத்த ஆரம்பித்தது. அம்மாள் வாய்க்கு வந்தபடி வசை பாடினாள். அக்கா கத்துகிற மெஷினை அடக்கிவிட்டு வந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அறையின் கடைசியில் குருவி ஒரு பெரியவரின் கையில் ஊசியை நிறுத்தி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை.

"இப்ப என் மருமகளுக்கு எப்ப?"

"நான் பெத்து, லீவு முடிஞ்சு வரணும். அப்புறமும் சட்டுனு முடியாது. இந்தப் புதுப் பொண்ணுங்க ரெண்டு பேரையும் பழக்கணும். உங்க மருமகள விட்டா பழக்க ஆளில்ல. அவ பாவம், அவ மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என்னாலதான். சட்டம்னா சட்டம்மா."

"நல்லா இருப்பே நீ" என்று, அதற்கு நேர்மாறான அர்த்தத்தில் சொல்லிவிட்டு, அம்மாள் குடையைத் தட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் மருமகளின் பக்கம் நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புதுப் பெண்களில் ஒருத்தி மெல்ல வந்து, "அக்கா, எங்களுக்கும் வரிசை இருக்கா?" என்றாள்.

"உங்களுக்கெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. எப்பத் தோணுதோ பெத்துக்கோங்க. போய்க் கை கழுவிட்டு வா."

குருவி ஊசித் தட்டைக் கழுவப் போகிற சாக்கில் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரொம்பத் திட்டிட்டாங்களா அக்கா?"

"பரவால்லடி" என்றாள் அக்கா. "இந்தத் திட்டு இன்னும் ரெண்டு வருஷத்துக்குத் தாங்கும்."